படம் கட்டுரையோடு இருக்கட்டும்

பத்திரிகைப் பிழைகளுள் மிகக் கொடியது ஒருவரின் மரணச் செய்தியில் இன்னொருவரின் படத்தை அச்சிடுவதே என்று எனது முதலாவது செய்தி ஆசிரியர் சொல்வார். அச்சில் நான் ஒருநாளும் செய்யாத அந்தப் பிழையை, ஓய்வுபெற்ற பின்னர் எனது இணையத்தளத்தில் செய்துவிட்டேன்.

பழைய கட்டுரைகளை ஹியூகோ என்ற மென்பொருளின் துணையுடன் தளமாக்கி வருகிறேன். தரவுத்தளம் எதுவுமின்றி, சாதாரண உரைக் கோப்புகளை வாசித்து நிலையான பக்கங்களாக ஆக்கித் தருவது அது. கட்டுரைகளைக் ‘கொன்டென்ட்’ கோப்புறையிலும், படங்கள் அனைத்தையும் ‘ஸ்டாட்டிக்’ கோப்புறையிலும் இட்டுவந்தேன். மறைந்த நண்பர் ஒருவரைப் பற்றிய கட்டுரைக்குரிய படத்துக்கு ‘ஆசிரியர்’ என்று பெயரிட்டிருந்தேன். பல மாதங்களின் பின் வேறோர் ஆசிரியரின் படத்தையும் அதே பெயரில் சேமித்தேன். பழையதை மாற்றவா என்று கணினி கேட்டது. யோசியாமல் ஆம் என்றேன்.

சில வாரங்களில் நண்பரின் மகளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. “மாமா, கட்டுரையை வாசித்து அழுதேன். ஆனால் படத்தில் இருப்பவர் அப்பா இல்லை.”

ஈய எழுத்துக் காலத்தில் படங்களின் ‘புளொக்’குகளை இலாச்சிகளில் அடுக்கி வைத்திருப்போம். மரக்கட்டையில் எழுதிய பெயர் அழிந்துவிட்டால், இடம் வலம் மாறிய முகத்தைப் பார்த்து ஆளை ஊகிக்க வேண்டியதுதான். எனது ஸ்டாட்டிக் கோப்புறையும் அத்தகைய இலாச்சியாகவே இருந்தது.

ஹியூகோவில் இதற்கு 2017 டிசம்பர் இறுதியில் வந்த 0.32 பதிப்பிலிருந்தே வழி உண்டு. ‘பேஜ் பண்டில்’ என்பார்கள். பக்கக் கட்டு என்று நாம் சொல்லலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிக் கோப்புறை. அதனுள் ‘இன்டெக்ஸ்’ என்ற பெயரில் கட்டுரைக் கோப்பு. அதன் அருகிலேயே அதற்குரிய படங்கள், ஒலிப்பதிவுகள், பத்திரிகை நறுக்குகள். கட்டுரையினுள் படத்தின் கோப்புப் பெயரை மட்டும் குறித்தால் போதும். வேறொரு கட்டுரையின் கோப்புறையில் அதே பெயர் இருந்தாலும் ஒன்றையொன்று அழிக்காது. கோப்புறையை இடம் மாற்றினால் படமும் கூடவே போகும். கட்டுரையின் தலைப்பகுதியில் ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, எடுத்தவர் பெயர் முதலியவற்றையும் பதியலாம். தளத்தின் இலச்சினை போன்ற பொதுவானவை மட்டும் ஸ்டாட்டிக்கில் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. பல கட்டுரைகளைக் கொண்ட பிரிவுக் கோப்புறையின் ‘இன்டெக்ஸ்’ பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு வேண்டும். அதை நான் மறந்த நாளில் அப்பிரிவின் கட்டுரைகள் யாவும் தளத்திலிருந்து மறைந்துவிட்டன. அடிக்கோடு இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் மற்றைய கட்டுரைகளையும் அந்த ஒரு பக்கத்தின் இணைப்புகளாகவே ஹியூகோ கருதும். கோப்புகள் அழியவில்லை என்று அறியும்வரை எனக்கு மூச்சே வரவில்லை.

இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கி வருகிறேன். முதலில் கட்டியது நண்பரின் கோப்புறையை. படத்தை மகளே மீண்டும் அனுப்பிவைத்தார். கட்டுரையின் அடியில், அச்சில் செய்வதுபோலவே, முன்னர் தவறான படம் வெளியானமைக்கு வருந்துகிறேன் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை நீக்கப் போவதில்லை.