காக்காய்க் கடியும் ஒரு காய்ச்சலும்

ஊசி குத்தக் கையை நீட்டியபோதே பார்த்தேன், அந்தப் பெண்ணுக்கு முழங்கைவரை சிவந்து திட்டுத்திட்டாகத் தடித்திருந்தது. பத்து நாளாகக் காய்ச்சல். எச்சில் விழுங்க முடியாத தொண்டைவலி. கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய அமாக்சிசிலின் சாப்பிட்ட பிறகுதான் உடம்பு தடித்தது என்றார் அம்மா. மழைக்காலம் என்பதால் டெங்கு பார்த்தாயிற்று, இல்லை. டாக்டர் சீட்டில் ‘ஸ்மியர் பார்க்கவும்’ என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார்.

இருபத்துநான்கு வருஷமாக லேபில் இருக்கிறேன். எண்ணிக்கையை இப்போது மெஷின் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. அணுவின் முகத்தைப் பார்க்க மட்டும் இன்னும் ஸ்லைடும் கண்ணும்தான் வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடின் ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டைத் தொட்டு, ரத்தம் விளிம்பு நெடுக ஓடும்வரை ஒரு கணம் நின்று, ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். கை தயங்கினால் வரி வரியாக விழும். நாக்குப் போல வந்து நுனியில் மெலிந்து முடிந்தால்தான் அது ஸ்மியர். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் இரண்டு நிமிடம், அதன் மேலேயே இரண்டு பங்கு பஃபர் தண்ணீர் பத்து நிமிடம். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்க மாட்டேன்.

மெஷின், வெள்ளை அணு 16,000 என்றும் அதில் லிம்போசைட் 70 சதம் என்றும் சொல்லியிருந்தது. ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் பார்த்ததும் காரணம் தெரிந்தது. சாதாரண லிம்போசைட் சின்னது. கரு முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும், சுற்றி ஒரு மெல்லிய நீலக் கோடு, அவ்வளவுதான். இவையோ பெருத்துப் பரந்திருந்தன. வெளிர்நீல உடம்பு பக்கத்துச் சிவப்பணுக்கள் மேல் சாய்ந்து, அவை முட்டும் இடமெல்லாம் குழிந்து, அந்த ஓரம் மட்டும் அடர்நீலமாக இருந்தது. நனைந்த துணி கூழாங்கல்லைச் சுற்றி ஒட்டிக்கொள்வது போல. நூறு அணு எண்ணினால் முப்பதுக்கு மேல் அப்படி.

இந்த அணுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வரும். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருஷம். பதினொரு வயது, இதே போல் நெறி, இதே போல் பெரிய பெரிய அணுக்கள். ரத்தப் புற்றாக இருக்குமோ என்ற பயத்தில், மேலே இருக்கும் டாக்டர் பார்க்கும் முன்பே அவன் அப்பாவிடம், “உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லையாம். எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை, இந்தக் காய்ச்சல்தான். அதற்கப்புறம் அந்த ஸ்லைடை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். புற்று அணுக்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இதிலோ ஒவ்வொன்றும் ஒரு ஜாடை. ஒன்று வெளுத்து, ஒன்று கறுத்து, ஒன்றின் கரு மடங்கி. இவை நோய் பிடித்த அணுக்களே அல்ல என்பதையும் பிறகுதான் படித்தேன். இந்தக் காய்ச்சலைத் தரும் வைரஸ் குடிபுகுவது பி-லிம்போசைட்டுகளில். அவற்றை அழிக்கக் கிளம்பி வந்த டி-லிம்போசைட்டுகளைத்தான் நாம் லென்ஸில் பார்க்கிறோம். 1920-ல் பால்டிமோரில் ஸ்ப்ரண்ட், எவன்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் இளைஞர்களின் ரத்தத்தில் இவற்றைப் பார்த்துத்தான் நோய்க்கு மோனோநியூக்ளியோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

டெங்குவிலும் இப்படி அணுக்கள் வரும் என்பதால் ஸ்மியரை மட்டும் நம்ப முடியாது. ரத்தம் சென்னைக்குப் போயிற்று. நான்காம் நாள் அந்த வைரஸுக்கு, எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு, எதிரான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்று வந்தது.

ரிப்போர்ட் வாங்க வந்த அம்மாவின் கையில் போன் இருந்தது. நோயின் பெயரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ‘முத்த நோய்’ என்று வந்திருக்கிறது. மகள் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா குரலைத் தாழ்த்தி, “மேடம், இது அந்த மாதிரிப் பழக்கத்துலதான் வருமா? யாருகிட்டேர்ந்து வந்ததுன்னு ரத்தத்துல தெரியுமா?” என்று கேட்டார்.

நோய் விவரம் சொல்ல வேண்டியவர் டாக்டர். நான் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்த பிறகு போக முடியவில்லை.

எச்சிலில் பரவுகிறது, உண்மை. முத்தம் அதற்கு நல்ல வழி, அதுவும் உண்மை. 1955-லேயே ஹோக்லண்ட் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் எழுதியிருக்கிறார். ஆனால் ஈரம் காயாத தம்ளர், பாட்டில், ஸ்பூன் எதுவும் வழிதான். தொற்றி நாலிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் யார் பாட்டிலில் ஒரு மடக்குக் குடித்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கொடுத்தவர் நோயாளியாகக்கூட இருக்க வேண்டாம். ஒருமுறை உள்ளே போன வைரஸ் ஆயுளுக்கும் தங்கிவிடும், எந்தத் தொந்தரவும் இல்லாமல் அவ்வப்போது எச்சிலில் இறங்கும். உலகத்தில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அப்படிச் சுமப்பவர்கள்தான். அந்த அம்மாவிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். இதையெல்லாம் இந்த வரிசையில் சொன்னேனா என்று நினைவில்லை. “ரத்தத்துல அது தெரியாதும்மா. எங்க தேடினாலும் தெரியாது” என்று முதலில் சொன்னது நினைவிருக்கிறது.

சின்ன வயதில் கடலைமிட்டாயைப் பங்கு போட எங்கள் பாட்டி காக்காய்க் கடிதான் கடிக்கச் சொல்வாள். மிட்டாயைப் பாவாடை ஓரத்தில் சுற்றிப் பல்லால் உடைத்தால் எச்சில் படாது. சொம்பை அண்ணாந்து குடிக்காவிட்டால் முதுகில் ஒன்று விழும். அதே பாட்டி தம்பியை மடியில் போட்டுப் பாலாடையைத் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அவன் வாயில் வைப்பாள். வந்தவர் போனவரெல்லாம் அவனுக்கு வாயில் முத்தம் கொடுப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இந்த வைரஸ் வருவது அந்த வயதில்தான். ஒரு சளி, இரண்டு நாள் காய்ச்சல், சிலருக்கு அதுகூட இல்லை; யாரும் பெயர் கேட்பதில்லை. அப்போது தப்பித்துப் பதினாறு இருபது வயதில் மாட்டிக்கொள்பவர்களைத்தான் இப்படிப் படுக்கப் போடுகிறது. அந்தப் பெண்ணைச் சின்ன வயதில் யாரும் எச்சில் பண்ணவில்லை, அவ்வளவு பத்திரமாக வளர்ந்திருக்கிறாள். அம்மாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

இந்த வைரஸை 1964-ல் லண்டனில் எப்ஸ்டீன், அச்சாங், பார் மூவரும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்டபோது அது உகாண்டாவிலிருந்து வந்த ஒரு கட்டியில் இருந்தது. காய்ச்சலோடு அதற்குத் தொடர்பு என்று யாருக்கும் தெரியாது. தெரியவைத்தவர் என்னைப் போல ஒரு லேப் டெக்னீஷியன். ஃபிலடெல்ஃபியாவில் ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம்பெண். அவர் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லாததால், ஒப்பிட்டுப் பார்க்க அதைப் பயன்படுத்தி வந்தார்கள். 1967-ல் அவருக்கு இதே காய்ச்சல். குணமாகி வந்தபின் பார்த்தால் அதே ரத்தத்தில் எதிர்ப்பொருள். முந்தைய ரத்தம், பிந்தைய ரத்தம் இரண்டும் கையில் இருந்தன. 1968-ல் கட்டுரை வந்துவிட்டது. அவருக்கு யாரிடமிருந்து தொற்றியது என்ற கேள்வி அந்தக் கண்டுபிடிப்புக்குத் தேவைப்படவே இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த நோய்மேல் ஒரு ஒட்டுதல்.

நாலாவது வாரம் இருவரும் மறுபடி வந்தார்கள். தடிப்பு அடங்கி நெறி வற்றியிருந்தது. மண்ணீரல் வீக்கம் முழுக்க வடியும்வரை வாலிபால் ஆடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்; அடிபட்டால் மண்ணீரல் கிழியும், அரிது என்றாலும் உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்கு வேறு கவலை. “ஹாஸ்டலுக்கு அனுப்பலாமா? ரூம்ல மூணு பொண்ணுங்க இருக்காங்களே.”

ஒரே அறையில் படுப்பதால், பேசுவதால் வராது. அந்த மூன்று பேருக்கும் பாலாடை வயதிலேயே வந்து போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எச்சிலில் வைரஸ் இன்னும் பல மாதம் இருக்கும் என்பதால் தண்ணீர் பாட்டிலையும் தட்டையும் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். “அண்ணாந்து குடிக்கத் தெரியுமாடி உனக்கு?” என்றார் அம்மா. அவள் தலையாட்டினாள்.

அன்றைய ஸ்லைடிலும் நூறு அணு எண்ணினேன். பெரிய நீல அணுக்கள் நான்கு. எழுதிக் கையெழுத்துப் போட்டு, துடைத்த ஸ்லைடை அவளுடைய முதல் ஸ்லைடுக்குப் பக்கத்தில் பெட்டியில் சொருகினேன்.