“தோண்டுனதுக்குத் தண்ணிகூட வரல!” - மேகமலை அடிவாரத்தில் என் தாத்தா தேடிய புதையல்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். தலைப்பில் ‘புதையல்’ என்று ஒரு சொல் இருந்தால் போதும், வியூஸ் தானாக ஏறும். கூடவே ‘மர்மம்’ என்றும் சேர்த்துவிட்டால் அன்றைக்கு டீ செலவு எடிட்டருடையது.

போன மாதம் எனக்கு வந்த வேலை, கடற்கொள்ளையர்களின் புதையல்கள் பற்றி ஒரு போட்டோ ஸ்டோரி. நைட் ஷிஃப்ட். பாதி எழுதிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா போன். சின்னமனூர் பக்கம்தான் எங்கள் ஊர்.

“என்னடி எழுதுற?”

சொன்னேன்.

“அதுக்கு எதுக்குக் கடலுக்குப் போற? உங்க தாத்தா தோண்டுன குழி இங்கனதான கெடக்கு. அத எழுது” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உலகத்தில் சுற்றும் கடற்கொள்ளையர் புதையல் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூல ஆள் ஒருவர்தான், கேப்டன் வில்லியம் கிட். 1698-ல், நம் கொச்சிக்கு அப்பால் பட்டும் மஸ்லினும் ஏற்றிக்கொண்டு சூரத்துக்குப் போன ஒரு கப்பலைப் பிடித்தார். பின்னால் நியூயார்க் அருகே கார்டினர்ஸ் தீவில் தன் சரக்கில் கொஞ்சத்தைப் புதைத்து வைத்தார். அதை அதிகாரிகள் அப்போதே தோண்டி எடுத்து வழக்கில் சாட்சியமாகக் காட்டிவிட்டார்கள். 1701-ல் லண்டனில் அவருக்குத் தூக்கு. புதைத்ததும் எடுத்தாயிற்று, புதைத்தவரும் போயாயிற்று. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால், கனடாவின் ஓக் தீவில் 1795-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் தோண்டல் இன்றுவரை நிற்கவில்லை. அங்கே ஆறு பேர் உயிரையே விட்டிருக்கிறார்கள். பெட்டி மட்டும் வரவில்லை.

இப்போது எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். மலையாளத்திலிருந்து மதுரைக்குப் பொதிமாடுகளில் பொன் ஏற்றி வந்த வியாபாரிகளை ஒரு கொள்ளைக்கூட்டம் மலையில் வழிமறித்தது. படை துரத்திக்கொண்டு வரவே, ஓடைக்கரையில் ஏழு கொப்பரைகளைப் புதைத்துவிட்டு ஓடியது. அடையாளம்: மூன்று கல், ஒரு வேங்கை மரம், கிழக்கே பார்த்த பாறை. மாட்டை எடுத்துவிட்டுக் கப்பலை வைத்தால் கேப்டன் கிட் கதை!

இந்தக் கதையைத் தாத்தாவுக்குச் சொன்னவர், மேலே டீ எஸ்டேட்டில் கங்காணியாக இருந்து இறங்கி வந்த ஒருவர். அவர் பின்னாலேயே வெற்றிலையில் மை தடவிப் பார்க்கும் இன்னொருவர் வந்தார். நான் பிறப்பதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. அப்போது எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் வைத்திருந்தால் ஊரில் ஒரு மரியாதை உண்டு.

“கெணறு வெட்டுறேன்னு ஊருக்குச் சொல்லிரு” என்று அப்பத்தாவிடம் சொல்லியிருக்கிறார் தாத்தா. அப்பத்தாவும் அப்படியே சொன்னார். கிணறு வெட்டும் ஆட்களே இரண்டு பேர் வந்தார்கள். வேலை மட்டும் ராத்திரியில் நடந்தது. ராத்திரியில் யார் கிணறு வெட்டுவார்கள் என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். அப்பத்தா “வெயிலுக்குத்தான்” என்றாராம். மார்கழி மாதம் அது.

எட்டடியில் கருங்கோழி. பன்னிரண்டு அடியில் கறுப்புக் கிடா. பதினைந்தில் பாறை வந்தது, வெடி வைத்தார்கள். “பூதம் கொப்பரையைக் கீழ இழுக்குது, இனி சாதாரணப் பூஜை பத்தாது” என்றார் மைக்காரர். நாற்பத்தெட்டு நாள் பூஜை. முதலில் அப்பத்தாவின் தண்டட்டி போனது, பிறகு தோட்டத்தின் மேல் கடன். இருபத்திரண்டு அடியில் ஒருநாள் காலை, பூஜைச் சாமான் வாங்கத் தேனிக்குப் போன மைக்காரர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

தோட்டம் கைமாறியது. அப்பா ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டார். எந்தத் தோட்டத்துக்கு முதலாளி மகனாக இருந்தாரோ அதே தோட்டத்தில் கூலிக்குக் கவாத்து வெட்டினார். வீட்டில் யாரும் இதை ஒரு சோகக்கதையாகச் சொன்னதில்லை. “அந்தக் கொடியை நாந்தான் நட்டேன், அது என் கை தெரிஞ்ச கொடி” என்று அப்பா ஒருமுறை சொன்னதோடு சரி.

தாத்தா கடைசிவரை தான் ஏமாந்ததாக ஒத்துக்கொள்ளவே இல்லை. படுக்கையில் இருந்தபோதும் “இன்னும் ரெண்டடி போயிருக்கணும்” என்றார். எனக்கு அப்போது பத்து வயது. இருபத்திரண்டு அடி தோண்டியவருக்கு இரண்டடி கம்மியாகப் போய்விட்டதே என்று நானும் வருத்தப்பட்டேன்.

பூமிக்குள் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில், திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் பராமரிப்பு வேலைக்காகத் தோண்டியபோது ஒரு பித்தளைச் செம்பு கிடைத்தது. உள்ளே 505 தங்கக் காசுகள், எடை 1.716 கிலோ. மையும் போடவில்லை, கிடாவும் வெட்டவில்லை. தேடிப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். 2013-ல் உத்தரப்பிரதேசத்தின் தவுண்டியா கேராவில், ஆயிரம் டன் தங்கம் இருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார். இந்தியத் தொல்லியல் துறையே இறங்கித் தோண்டியது. தங்கம் வரவில்லை. அரசாங்கமே கனவை நம்பும்போது என் தாத்தாவை மட்டும் என்ன சொல்ல?

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்து 1878-ம் ஆண்டு புதையல் சட்டம்தான் இன்றும் அடிப்படை. மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. சொந்தக்காரர் யாரும் இல்லை என்று விசாரணையில் முடிவானால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்வதென்றால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இதை அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். “சொந்த நெலமா இருந்தா முழுசும் நமக்கா? அப்பறம் எதுக்குடி அந்த மனுசன் ராத்திரில தோண்டுனாரு?” என்றார்.

(மலைக்குள் போய்த் தோண்டலாம் என்று யாராவது நினைத்தால், மேகமலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம்.)

எனக்குச் சிரிப்பு வராத காரணத்துக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஸ்டோரி கணக்கு. பதினோன்றோடு மூளை வறண்டுவிட்ட ஒரு மாலையில், அப்பத்தா சொன்ன கதையைக் கொஞ்சம் மாற்றி, தாத்தாவையும் மைக்காரரையும் எடுத்துவிட்டு, ‘மேகமலை அடிவாரத்தில் மர்மப் பாறை... உள்ளே ஏழு கொப்பரைத் தங்கமா?’ என்று போட்டேன். கடைசியில் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டால் பொய்யாகாது என்று டிப்ளமோ வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகவே கற்றுக்கொண்டது. நாலு லட்சம் வியூஸ். ஊர்ப் பெயரையும் போட்டிருந்தேன்.

நான்கு மாதம் கழித்து, வெளியூர் ஆட்கள் ஒரு வேனில் வந்தார்கள். மெட்டல் டிடெக்டர், கடப்பாரை எல்லாம் இருந்தன. ஓடைக்கரையில் பட்டவன் சாமி என்று நாங்கள் பொங்கல் வைக்கும் ஒரு பழைய கல் உண்டு. அதற்கு அடியில்தான் கொப்பரை என்று யார் சொன்னதோ! காலையில் போய்ப் பார்த்தால் கல் இரண்டாக உடைந்து, மேல்பாதியைக் காணவில்லை. முந்தின நாள் அவர்கள் டீக்கடையில் வழி கேட்டபோது போனில் காட்டியது என் கட்டுரையை.

அந்தக் கல்லில் வில்லோடு ஒரு ஆள் மங்கலாகத் தெரிவார். எழுத்து ஏதும் இருந்ததா என்று சின்ன வயதில் யாரும் தேய்த்துப் பார்த்ததில்லை. இனி பார்க்கவும் முடியாது. 2006-ல் எங்கள் மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தது. இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தைய தமிழ் பிராமி எழுத்து. அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் சண்டையில், அதாவது மாடு கவரும் சண்டையில், செத்த ஒருவனுடைய கல். அந்தக் கூடலூர் நம் கம்பத்தை அடுத்த கூடலூர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எங்கள் பள்ளத்தாக்கின் பழைய கொள்ளைச் செய்தி இப்படி ஒரு கல்லில்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் தங்கம் இல்லை, மாடுதான். தமிழ்நாடு முழுக்கப் புதையலைத் தேடிப் போகிறவர்கள் உடைப்பது இந்தக் கற்களையும், கல்திட்டைகளையும், பழைய நந்திகளையும்தான்.

கட்டுரையை நீக்கச் சொல்லிக் கேட்டேன், நீக்கிவிட்டார்கள். அதற்குள் நாலைந்து யூடியூப் சேனல்கள் அதை வரிவரியாகப் படித்து வீடியோ போட்டிருந்தன. அவை இன்றும் ஓடுகின்றன. தாத்தாவிடம் அந்த மைக்காரர் எவ்வளவு வாங்கினார் என்று எங்கள் வீட்டில் துல்லியமான கணக்கு உண்டு. நான் அந்த ஸ்டோரிக்கு வாங்கியது, அந்த மாதத்தின் ‘சிறந்த டிராஃபிக்’ பாராட்டும் ஒரு பவர் பேங்க்கும். பவர் பேங்க் இன்னும் பையில்தான் கிடக்கிறது.

போன வாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அப்பத்தா கூட வந்தார். குழி பாதி தூர்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் தேங்கி, தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு தடவை கன்றுக்குட்டி விழுந்ததால் யாரோ சுற்றிலும் முள் வைத்திருந்தார்கள். நான் போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன்.

“எழுதப் போறியா?”

“ஆமா அப்பத்தா.”

“எழுது. தாத்தன் பேரக்கூடப் போட்டுக்க. எந்த ஊருன்னு மட்டும் போட்டுறாத” என்றவர், முள்ளை ஒதுக்கிவிட்டு ஒரு கல்லை எடுத்துக் குழிக்குள் போட்டார்.