ராத்தாவின் சால்வை

சென்ற வருடம் உம்மாவின் கன்னத்திலும் கழுத்திலும் சிறுசிறு தடிப்புகள் எழும்பின. நுளம்பு என்றோம், மூட்டைப்பூச்சி என்று மெத்தையை முற்றத்தில் போட்டோம். டொக்டர் தந்த குளிசைக்கு இரண்டு நாள் அடங்கி மறுபடியும் வந்தது. இரவில் எல்லோரும் படுத்த பின் உம்மா றங்குப்பெட்டியைத் திறந்து ராத்தாவின் சால்வையை முகத்தில் வைத்துக்கொள்கிறா என்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ராத்தா, 2003இல் திரும்பி வந்தபோது கொண்டுவந்த கம்பளிச் சால்வை அது. கல்முனை வெயிலுக்குக் கம்பளியா என்று நாங்கள் சிரித்தோம். 2004 டிசம்பர் 25 இரவு எங்கள் வீட்டுக்கு வந்தவள், தூங்கிப்போன மகனை எழுப்ப மனமில்லாமல், சால்வையை அவனுக்குப் போர்த்திவிட்டுக் கடற்கரைப் பக்கமிருந்த தன் வீட்டுக்குப் போனாள். காலையில் கடல் வந்தது. பிரதான வீதிக்கு மேற்கே இருந்த எங்கள் வீடு தப்பியது, மகன் தப்பினான். உம்மா அந்தச் சால்வையை இதுவரை கழுவியதில்லை.

பகலில் அதை யன்னலண்டை விரித்துப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகள். "அந்து அரிச்சிரிக்கி" என்றேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனின் அவசரத் தீர்ப்பு. அந்துப்புழு என்றால் பட்டுநூல் போல வலை கட்டியிருக்கும். இங்கே வலை இல்லை. மடிப்புகளில் தவிட்டு நிறத்தில் உலர்ந்த கோதுகள், ஓர் அரிசியளவுகூட இல்லாத புழுக்கள். உடம்பில் கபில வரிகள், முழுக்க மயிர்.

உம்மா ஒன்றை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தா. "இது அந்தில்ல மகன். கருவாட்டில பிடிக்கிற மயிர்ப்புழுட சாதி."

உம்மா சொன்னது சரி. கம்பள வண்டும் கருவாட்டு வண்டும் டெர்மெஸ்டிடே என்ற ஒரே குடும்பம். பெயரிலேயே தோல் தின்னி என்ற பொருள் உண்டு. நூதனசாலைகளில் எலும்புக்கூட்டிலிருந்து சதையைச் சுத்தமாக்கக் கருவாட்டு வண்டையே வளர்க்கிறார்கள். பாடம் செய்த பறவைகளைத் தின்று அதே நூதனசாலைகளை அழிப்பது இந்தக் கம்பள வண்டு. மயிர், இறகு, தோல், கம்பளி, பட்டு எல்லாவற்றிலும் உள்ள புரதம்தான் புழுவின் தீன். அதனால்தான் சால்வைக்கு மேலும் கீழும் இருந்த மருதமுனைப் பருத்திச் சாரன்களில் ஒரு கீறல்கூட இல்லை. வியர்வை ஊறிய இடமென்றால் புழுவுக்கு இன்னும் விருப்பம். ஓட்டைகள் எல்லாம் கழுத்துப் பக்கம்தான். உம்மாவின் தடிப்புக்குக் காரணம் கடியல்ல. கோதிலும் புழுவிலும் உதிர்கிற மயிர்.

நான் போட்டுவைத்த பூச்சி உருண்டைகள் எதற்கும் உதவவில்லை. காற்றுப் போகாமல் இறுக மூடிய பெட்டிக்குள்தான் அதன் ஆவி கொல்லும். எங்கள் றங்குப்பெட்டியின் மூடியோ ஒரு பக்கம் நெளிந்தது. பிறந்த பிள்ளைகள் சிலருக்கு அந்த ஆவி இரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். வீட்டில் பேத்தி பிறந்திருந்த நேரம் என்பதால் அவற்றை அன்றே தூக்கிவிட்டேன்.

சுடுதண்ணியில் ஊறப் போட்டால் முட்டையும் சாகும், ஆனால் கம்பளி சுருங்கிவிடும். துணி சுருங்குவதைப் பற்றியெல்லாம் உம்மா பேசவில்லை. "கழுவப்படா. அவட வாசம் போயிரும்."

வெயிலில் உதறிக் காயவைப்போம் என்றேன். "வெயில் குடிச்சிரும்."

எனக்கு அதில் பூச்சி உருண்டை வாடையைத் தவிர வேறொன்றும் மணக்கவில்லை. அதைச் சொல்லவில்லை.

மிஞ்சியது குளிர். மருமகன், அன்று போர்த்திக்கொண்டு தூங்கிய அதே பிள்ளை, இப்போது சந்தியில் கடை வைத்திருக்கிறான். ஐஸ்கிறீம் வைக்கும் பெரிய குளிர்ப்பெட்டி இருக்கிறது, சைபருக்குக் கீழே 18 பாகை. இரண்டு பொலித்தீன் பைகளில் சால்வையைச் சுற்றி, காற்றை அமுக்கி, டேப் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரம் வை என்றேன். இடையில் ஒருநாள் பின்னேரம் முழுக்க மின்சாரம் நின்றது. கணக்கை முதலிலிருந்து தொடங்குவதாக அவனே சொல்லிவிட்டான்.

அந்த நாட்களில் நான் மூலத்தைத் தேடினேன். யன்னல் விளிம்பில் மிளகை விடச் சிறிய, வெள்ளையும் கபிலமும் புள்ளியிட்ட வண்டுகள் இரண்டு செத்துக் கிடந்தன. வளர்ந்த வண்டு கம்பளியைத் தொடாது. வெளிச்சத்துக்குப் பறந்து பூந்தாது தின்னப் போய்விடும். யன்னலுக்கு மேலே கூரை இடுக்கில், சிட்டுக்குருவி விட்டுப்போன பழைய கூடு. ஏணி வைத்து இறக்கினேன். இறகும் மயிருமான அந்தக் கூட்டுக்குள் கோதுகள் கைநிறைய இருந்தன. எரித்தேன். றங்குப்பெட்டியின் மூலைகளையும் சுவர் வெடிப்புகளையும் துடைத்து, தூசியைக் கட்டி வெளியே போட்டேன்.

மருமகன் பையைக் கொண்டுவந்தபோது உடனே பிரிக்க விடவில்லை. குளிர் தணியுமுன் திறந்தால் துணியில் தண்ணீர் கோர்க்கும். மறுநாள்தான் திறந்தோம். உம்மா முதலில் அதை அவன் கையில் கொடுத்தா.

"ஐஸ்கிறீம்தான் மணக்குது உம்மம்மா."

"நல்லா இழுத்துப் பாரு."

அவன் முகத்தை வைத்தபடி கொஞ்சநேரம் நின்றான்.

இப்போது சால்வை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியொன்றில் இருக்கிறது. ஓட்டைகளைத் தைக்க உம்மா சம்மதிக்கவில்லை. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து டோர்ச் அடித்து மடிப்புகளைப் பார்க்கிறேன். புதிதாகக் கோது எதுவும் இல்லை. தடிப்பும் வரவில்லை. வாளியின் மூடி சில காலைகளில் முந்தினநாள் நான் வைத்த மாதிரி இருப்பதில்லை.