சென்சார் பொய் சொல்லவில்லை

கோவை கணபதியில், மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டு வண்டி நிற்கிற அளவில் ஒரு தகரக் கொட்டகை. என் காரை அங்கே கொண்டுபோனபோது செக் எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்து ஒரு மாதமாகியிருந்தது. அதற்குமுன் வேறொரு பட்டறையில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்திருந்த பிழைக் கோடை (code) அழித்துக் கொடுத்தார்கள். எட்டாம் நாள் விளக்கு மறுபடி வந்துவிட்டது.

"வர்றதுக்கு முன்னாடி கோடை அழிச்சுட்டீங்களா?" மெக்கானிக்கின் முதல் கேள்வி இதுதான். இல்லை என்றதும் முகம் தெளிந்தது. கோடு பதிவான நொடியில் எஞ்சின் எப்படி இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்தே எழுதி வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். பி0171. முதல் எழுத்து எஞ்சின், கியர் பகுதியைக் குறிக்கிறது. அடுத்த சைபர், எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதற்கு அடையாளம். பொருள் இவ்வளவுதான்: கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போக வேண்டும். எந்தச் சென்சாரும் கெட்டுவிட்டதாக அந்தக் கோடு சொல்லவே இல்லை. இருந்தும் இந்தக் கோடு வந்தால் பல இடங்களில் ஆக்ஸிஜன் சென்சாரைத்தான் கழற்றுகிறார்கள். சேதி கொண்டுவந்தவனைத் தண்டிக்கிற வேலை அது.

இவர் அதைச் சோதித்துக் காட்டினார். எஞ்சின் ஓடும்போது காற்றுக் குழாயில், பெட்ரோல் போல எரியக்கூடிய கார்ப் கிளீனரைத் துளி அடித்தார். காற்று கூடுதல் என்று 0.1 வோல்ட்டில் கிடந்த சென்சார் சட்டென்று 0.9-க்கு எகிறியது. "பாருங்க, நல்லாத்தான் இருக்குது. உண்மையத்தான் சொல்லுது."

பிறகு நடந்ததுதான் நிஜமான வேலை. காற்று கூடுதலாகத் தெரிந்தால் கம்ப்யூட்டர் தானே பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்கும். எத்தனை சதவீதம் கூட்டியிருக்கிறது என்பது 'ஃபியூல் டிரிம்' என்று ஸ்கேனரில் ஓடும். ஐடிலில் 23. "தம்பி, ரேஸ் பண்ணு. ரெண்டாயிரத்து ஐநூறுல புடி." உதவிக்கு நின்ற பையன் ஆக்சிலேட்டரை மிதித்தான். எண் 6-க்கு இறங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். "ஒரு சொம்பு மோர்ல ஒரு டம்ளர் தண்ணி கூடுனா நாக்கு சொல்லீரும். அண்டா மோர்ல ஊத்துனா தெரியுமுங்களா?" ஐடிலில் எஞ்சின் இழுக்கிற காற்று கொஞ்சம், ஓட்டை வழியாகத் திருட்டுத்தனமாய் நுழைகிற காற்று அதில் பெரிய பங்கு. ரேஸ் செய்தால் முறையான வழியில் வருகிற காற்று பல மடங்காகிவிடும், ஓட்டையின் பங்கு கரைந்துவிடும். பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருந்தால் இதற்கு நேர்மாறாக, ரேஸ் செய்யச் செய்ய எண் ஏறியிருக்கும். ஆக, காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி எங்கேயோ ஓட்டை. ஒரு ஸ்பானரைக்கூட எடுக்காமல் அவர் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற மேனிஃபோல்டுக்குப் போகிற ஹோஸ்களை ஒவ்வொன்றாக பிளையரில் துணி சுற்றி நெரித்தார். பிரேக் பூஸ்டர் ஹோஸ்: மாற்றமில்லை. அடுத்தது: மாற்றமில்லை. எஞ்சின் ஆவியை உள்ளே இழுக்கிற பி.சி.வி. ஹோஸை நெரித்ததும் எண் சரிந்தது. வளைவின் அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவி, என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். எண்ணெய் ஆவி பட்டுப் பட்டு உப்பிய ரப்பரில் நகக்கண் அளவு வெடிப்பு. கண்ணாடி வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டரை மணி நேர வேலை. பில்லில் ஹோஸ் 380 ரூபாய், கூலி 300. கூலி போதாது என்றேன். "சென்சார் மாத்துனேன்னு பெருசா எழுதுனா கேள்வி கேக்காம குடுத்துருவாங்க. யோசிச்சதுக்குன்னு எழுத முடியுமுங்களா?" என்றார். நாடி பார்க்கிற வைத்தியருக்குத் தனியாக ஃபீஸ் தருகிற நாம், இங்கே மட்டும் பொருளுக்குத்தான் பணம் என்று நிற்பது பெரிய அநியாயம். கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடைக்காத தொழிலில், சும்மா பொருளை மாற்றுகிறவர்களே மிஞ்சுவார்கள். அந்தப் பையன் எதைக் கற்றுக்கொள்வான் என்பதையும் அந்த பில்தான் தீர்மானிக்கும்.

கடைசியில்தான் கோடை அழித்தார். சரவணம்பட்டி வரை ஓட்டிவிட்டுத் திரும்பினோம். டிரிம் 2. பையன் அதை நோட்டில் என் வண்டியின் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் எழுதினான். மேலே காலையின் 23 இருந்தது.

"பத்து நாள் கழிச்சு வாங்க," என்றார் மெக்கானிக். "லைட் எரியலைன்னாலும் வாங்க. நம்பரைப் பாக்கோணும்."