பயோ வாஷும் புரதத்தின் மடிப்பும்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ‘பயோ வாஷ்’ எனப்படுவது, பருத்திப் பனியன் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் செல்லுலேஸ் என்ற என்சைமைக் கொண்டு அறுத்து நீக்கும் வேலையாகும். அந்த என்சைம் ஒரு புரதம், அதன் வெட்டும் திறன் அதன் வடிவத்தில் இருக்கிறது என்று அறிந்த டையிங் மாஸ்டர் சூட்டையும் பி.எச். அளவையும் பார்க்கும் பார்வையே வேறு.

அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சங்கிலியே புரதம். 20 வகை அமினோ அமிலங்களில் எது எந்த இடத்தில் நிற்கிறது என்ற வரிசை அதன் முதல்நிலைக் கட்டமைப்பு. ஹைட்ரஜன் பிணைப்புகளால் சங்கிலி அங்கங்கே சுருளாகவும் தகடாகவும் அமைவது இரண்டாம் நிலை. முழுச் சங்கிலியும் மடங்கி ஓர் உருவம் பெறுவது மூன்றாம் நிலை. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து துணியாவதைத் தினமும் பார்க்கும் ஊருக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் பின்னலின் வளைவை ஊசி முடிவு செய்கிறது. புரதத்தின் மடிப்பையோ பெரும்பாலும் அதன் வரிசையே முடிவு செய்கிறது. அந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளா என்பதை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் கணக்கிட்டுக் காட்டிய வரைபடம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

பட்டறைக்கு வரும் அமிலச் செல்லுலேஸ் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையிலிருந்து கிடைப்பது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை அரித்த பூஞ்சைதான் அது. அதன் என்சைமில் உள்ள பள்ளத்தில் செல்லுலோஸ் சங்கிலி வந்து படியும்போது, அங்குள்ள ஒரு குளூட்டாமிக் அமிலம் புரோட்டானைக் கொடுக்க வேண்டும், மற்றொன்று புரோட்டானை இழந்து மின்னேற்றத்தோடு நிற்க வேண்டும். இவ்விரு நிலைகளும் சேர்ந்து நிலைப்பது குறுகிய பி.எச். எல்லைக்குள்தான் என்பதால், அசிட்டிக் ஆசிட் விட்டு 4.5 முதல் 5.5 வரை நிறுத்துவதை வெறும் வழக்கமாகக் கருதக் கூடாது.

சூடு 50 முதல் 55 டிகிரிக்குள் ஓடும்போது, துணியின் ஒரு துண்டை விரல்மேல் மடித்து ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால், மடிப்பின் விளிம்பில் பிசிறு குறைந்துவருவது தெரியும். போதும் என்று கண்டவுடன் சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றியோ சோடா ஆஷ் போட்டோ என்சைமைக் கொல்ல வேண்டும். அப்போது அமினோ அமில வரிசை அறுபடுவதில்லை, மடிப்பு மட்டுமே குலைகிறது. பிரிந்த பனியனில் நூல் மிஞ்சுவதைப் போன்றது அது. தண்ணீரை வடித்ததோடு வேலை முடிந்ததென்று ஈரத்துணியை அப்படியே டிராலியில் இரவு முழுவதும் விட்டால், மடிப்புக் குலையாத என்சைம் நூலை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கும். காலையில் துணி கைக்குப் பட்டுப்போல் தோன்றினாலும் இழுத்தால் கிழியும்.