கருவுக்கு ஒரு வழக்கறிஞர்

மைக்கேல் டோரிஸின் 'தி புரோக்கன் கார்ட்' நூலை அண்மையில் மறுபடியும் வாசித்தேன். 1989இல் வெளியானது. தெற்கு டகோட்டாவைச் சேர்ந்த மூன்று வயதுப் பழங்குடிச் சிறுவனை, மணமாகாத இளைஞராக இருந்தபோதே தத்தெடுத்தவர் டோரிஸ். நல்ல உணவும் பள்ளியும் பிரியமும் கிடைத்தால் பையன் தேறிவிடுவான் என்று நம்புகிறார். தேறவில்லை. தாய் கர்ப்ப காலத்தில் அருந்திய மது, பிறக்கும் முன்பே அவன் மூளையைப் பாதித்திருந்தது. நேரமும் காசுக் கணக்கும் அவனுக்குக் கடைசிவரை பிடிபடவேயில்லை. அமெரிக்க மருத்துவர்கள் இக்குறைபாட்டுக்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம்' என்று பெயரிட்டதே 1973இல்தான்.

நூலில் என்னை உறுத்துவது வேறொன்று. குடியை விடமுடியாத கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை அடைத்து வைக்கலாமே என்னும் வாதத்தின் பக்கம் அது சாய்கிறது. ஒரு தகப்பனின் ஆற்றாமை என்று அதை விளங்கிக்கொள்ளலாம். ஆற்றாமை சட்டமாகிவிட்டால்? 1998இல் தெற்கு டகோட்டாவும் விஸ்கான்சினும் ஏறக்குறைய அதைத்தான் செய்தன. விஸ்கான்சின் சட்டப்படி கர்ப்பிணியைச் சிகிச்சை மையத்தில் காவலில் வைக்கலாம். கருவின் சார்பில் பேச நீதிமன்றம் தனி வழக்கறிஞரையும் நியமிக்கலாம். (காஃப்காவுக்குத் தோன்றாமல் போன காட்சி.) இச்சட்டம் தெளிவற்றது, செல்லாது என்று 2017இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. வழக்குத் தொடுத்த பெண் அதற்குள் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், மறு ஆண்டே மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

இத்தகைய சட்டங்களால் குழந்தைகளுக்கேனும் நன்மை உண்டா? 1972 முதல் 2013 வரையிலான அமெரிக்கப் பிறப்புப் பதிவுகளை அலசி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கர்ப்பிணிகளின் குடி தொடர்பான மாநிலக் கொள்கைகளில் பெரும்பாலானவை, எடைக் குறைவான அல்லது குறைமாதப் பிறப்புகள் கூடுவதோடு சேர்ந்தே காணப்பட்டன. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்று அஞ்சுகிறவள் மருத்துவமனைப் படி ஏறமாட்டாள்.

சியாட்டிலில் 1991இல் வேறொரு முயற்சி தொடங்கியது. பிற்பாடு வாஷிங்டன் மாநில அரசே அதற்கு நிதி ஒதுக்கியது. கர்ப்ப காலத்தில் மிகுதியாகக் குடித்த, போதைப்பொருள் உட்கொண்ட தாய்மாரிடம் ஒரு பணியாளர் மூன்றாண்டுகள் வீடு தேடிச் செல்கிறார். சிகிச்சை, வாடகை வீடு, கருத்தடை, குழந்தையின் தடுப்பூசி என ஒவ்வொன்றுக்கும் உடன் போகிறார். மறுபடி குடித்துவிட்டாள் என்பதற்காக எவரையும் விலக்குவதில்லை.

டோரிஸின் மகனைப் பெற்றவள் குடியாலேயே இறந்துபோனாள். இத்திட்டம் தோன்ற அப்போது இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. 1991இல், இருபத்து மூன்று வயதில், அவள் மகன் ஒரு சாலை விபத்தில் இறந்தான்.