கரன்ட் வந்ததும் தானாக ஓடலாமா?

மிக்ஸியில் சட்னி அரைபடுகிறது. பாதியில் கரன்ட் போய்விடுகிறது. ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டு, மூடியைத் திறந்து, கரண்டியை விட்டுக் கிளறுகிறீர்கள். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் வருகிறது. அப்புறம் சுவரெல்லாம் சட்னி. ஆனால், உப்பளத்தில் உப்புத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் கரன்ட் போனால் நின்றது நின்றதுதான். யாராவது போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். இரண்டும் மோட்டார்தானே, ஏன் இப்படி?

முத்தையாபுரத்தில் என் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான். ஆலைகளுக்கு பி.எல்.சி. புரோகிராம் எழுதுகிற வேலை. அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்கு வேலை உண்டு. ஸ்பிக் உரத் தொழிற்சாலை ஒரு பக்கம், துறைமுகம் ஒரு பக்கம், 1979-ல் மின்சாரம் தரத் தொடங்கிய அனல் மின் நிலையம் இன்னொரு பக்கம். கப்பலில் வந்த நிலக்கரி பெல்ட்டில் ஏறி ஊர்வலம் போகும்.

"ஒண்ணுமில்லண்ணே, ஏணிதான்" என்று ஒரு தாளில் வரைந்து காட்டினான். இரண்டு பக்கமும் இரண்டு கோடு, நடுவில் படிகள். 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் டிக் மோர்லி என்பவரின் குழு மோடிகான் 084 என்ற முதல் கன்ட்ரோலரைச் செய்தபோது, ரிலே வயரிங் படம் பார்த்தே பழகிய எலெக்ட்ரீஷியன்கள் மிரளக் கூடாது என்று அதே படத்தையே மொழியாக வைத்துக்கொண்டார்கள். புத்திசாலிகள்!

ஒவ்வொரு படியிலும் இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் செயல். கேள்வி இரண்டே வகை. இந்த பிட் 1-ஆ? இந்த பிட் 0-ஆ? செயல் மூன்று வகை. சாதாரண அவுட்புட், படி உண்மையாக இருக்கும்வரை 1, பொய்யானால் 0. லாட்ச், ஒருமுறை 1 ஆக்கிவிட்டால் படி பொய்யானாலும் 1-தான். அன்லாட்ச், அதை 0 ஆக்குவதற்கு. லாட்சும் அன்லாட்சும் ஒரே சமயத்தில் உண்மையானால், ஏணியில் கீழே இருப்பது ஜெயிக்கும். கூட்டுக் குடும்பத்தில் கடைசியாகப் பேசுகிற பாட்டி மாதிரி.

பி.காம். படித்த என் மூளைக்கு இப்படித்தான் ஏறியது: சாதாரண அவுட்புட் கல்லாவில் இப்போது இருக்கிற காசு, லாட்ச், பழைய பாக்கி. ராத்திரி கடையைச் சாத்தினாலும் மறுநாள் காலை நோட்டில் முதல் வரியாக வந்து நிற்கும். பல கன்ட்ரோலர்களில் கரன்ட் போய் வந்தாலும் லாட்ச் பிட் அழிவதில்லை. வம்பே அங்கேதான்.

ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) யாரோ ஒருவர் பெல்ட் மோட்டாரையே லாட்ச்சில் போட்டிருந்தாராம். கரன்ட் போனது. சிக்கிய கட்டியை எடுக்க ஓர் ஆள் கீழே குனிந்தார். கரன்ட் வந்தது, பிட் 1, பெல்ட் கிளம்பிவிட்டது. தோளில் கிடந்த துண்டு மட்டும் போனது. ஆள் பிழைத்தார்.

"மோட்டாருக்கு ஞாபகம் இருக்கக் கூடாதுண்ணே. கோளாறுக்குத்தான் ஞாபகம் வேணும்" என்றான். பெல்ட் ஓரமாக நீளமாக ஓடும் அபாயக் கயிற்றை யாராவது இழுத்தால், அந்தச் செய்தியை லாட்ச் செய்யலாம். கயிற்றை விட்ட பிறகும், ஆள் வந்து பார்த்து ரீசெட் பண்ணும்வரை எதுவும் அசையாது. மோட்டாருக்கோ ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்திலேயே மோட்டாரின் சொந்த பிட்டையும் இணையாகப் போட்டால் போதும். ஓடும்வரை தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும், கரன்ட் போனால் விட்டுவிடும். உப்பள மோட்டாரின் ஸ்டார்ட்டரும் இதே கணக்குதான்.

ஸ்டாப் பட்டன் விஷயம் இன்னும் அழகு. அமுக்கினால் கரன்ட் பாய்கிற மாதிரி அதை வைக்கவே கூடாதாம். எப்போதும் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும், அமுக்கினால் அறுபட வேண்டும். தூத்துக்குடி உப்புக் காற்றில் டெர்மினல் துருப்பிடிக்க ரொம்ப நாள் ஆகாது. முதல் வகையில் வயர் அறுந்தால், நீங்கள் ஆபத்தில் அமுக்கும்போதுதான் தெரியும். இரண்டாவது வகையில் வயர் அறுந்த கணமே மெஷின் நின்றுவிடும். அதிலும் உயிர் காக்கிற எமர்ஜென்சி ஸ்டாப்பைப் புரோகிராமை மட்டும் நம்பி விடுவதில்லை. தனி வயரிங்கிலேயே மோட்டாரின் கரன்ட்டை அறுத்துவிடும்.

புது புரோகிராம் ஏற்றியதும் அவன் முதலில் செய்வது இதுதான். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பெல்ட்டை ஓடவிட்டு, மெயினை அணைத்து, மறுபடி போடுவான். எதுவும் அசையாமல் இருந்தால்தான் கையெழுத்து. "சூப்பர்வைசருங்க முறைப்பாங்கண்ணே, நேரமாவுதுன்னு. முறைச்சுட்டுப் போறாங்க."